பகல் மின்சாரமும் நாட்டின் மின்தொகுப்பும்: வாசகர் கேள்வி – பதில்

சூரிய மின்நிலையங்களைத் தேசிய மின்தொகுப்புடன், அதாவது நாட்டின் மின்நிலையங்களையும் மின்பாதைகளையும் பிணைக்கும் வலையமைப்புடன், இணைப்பது குறித்து வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாகத் தொகுத்துக்கொண்டோம். ஒரே விஷயத்தைக் கேட்டிருந்த கடிதங்களை ஒரே கேள்வியாகச் சுருக்கியிருக்கிறோம்.

சூரியத் தகடு தருவது நேர்மின்னோட்டம். நாம் பயன்படுத்துவது மாறுதிசை மின்னோட்டம். பல நூறு மெகாவாட் அளவில் இதை நாட்டின் மின்தொகுப்பில் சேர்ப்பது நடைமுறையில் சாத்தியம்தானா?
– கல்லூரி மாணவி, சிவகாசி

சாத்தியம் என்பது நிரூபணமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 2025 ஜனவரியில் இந்தியாவின் சூரிய மின் நிறுவுதிறன் 1,00,000 மெகாவாட்டைத் தாண்டியது. உங்கள் ஊருக்கு அதிகத் தொலைவில் இல்லாத கமுதியில், ஏறத்தாழ 2,500 ஏக்கர் பரப்பில் அமைந்த 648 மெகாவாட் நிலையம் 2016 முதல் இயங்கிவருகிறது.

அங்கே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வரிசை வரிசையாக இணைக்கப்பட்ட தகடுகளிலிருந்து வரும் நேர்மின்னோட்டத்தை இன்வெர்ட்டர்கள் சில நூறு வோல்ட் மாறுதிசை மின்னோட்டமாக மாற்றுகின்றன. அவ்வாறு மாற்றும்போது, மின்தொகுப்பில் அந்தக் கணத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மின்னலையைக் கவனித்து, அதே அதிர்வெண்ணிலும் (நொடிக்கு அலையும் எண்ணிக்கை) அதே கட்டத்திலும் (ஏற்ற இறக்கம் ஒரே கணத்தில் நிகழும்படி) தங்கள் அலையை அவை பொருத்திக்கொள்கின்றன. பிறகு மின்மாற்றி மூலம் பெரும்பாலும் 33 கிலோவோல்ட்டுக்கு உயர்த்தி, நிலைய வளாகத்திலேயே உள்ள துணை மின்நிலையத்தில் ஒன்றுசேர்த்து, அளவுக்கேற்ப 110, 230 அல்லது 400 கிலோவோல்ட் பாதையில் அனுப்புகிறார்கள். கமுதி நிலையம் 400 கிலோவோல்ட் துணை மின்நிலையத்துடன் இணைந்துள்ளது. இதில் ஒரு படிகூட இன்று பொறியாளர்களுக்குப் புதிர் அல்ல.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. புதிய நிலையத்துக்கான சாத்தியக்கூறு ஆய்வில் முதலில் பார்ப்பது, அந்தக் குறிப்பிட்ட இடத்தில் உள்ள மின்பாதையும் மின்மாற்றியும் கூடுதல் சுமையைத் தாங்குமா என்பதை. கோடை உச்சத்தை மட்டும் கணக்கில் எடுத்துப் பார்த்தால் போதாது. உண்மையில் கடினமான நாள் பொங்கல் போன்ற ஒரு விடுமுறை நாள்தான்: ஆலைகள் மூடியிருக்கும், குளிர்காலமாதலால் மின்விசிறியும் ஏசியும் குறைவாக ஓடும், வானமோ தெளிவாக இருக்கும். உற்பத்தி அதிகமாகவும் தேவை குறைவாகவும் இருக்கும் அந்த நண்பகலில் மின்னழுத்தம் எவ்வளவு உயரும், எந்தப் பாதை நிரம்பி வழியும் என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி நேரம் பற்றியது. 1 மெகாவாட் சூரிய நிலையம் நம் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 15 முதல் 17 லட்சம் யூனிட் தரும். அதே 1 மெகாவாட் இடைவிடாமல் ஓடினால் 87 லட்சத்துக்கும் அதிகமான யூனிட் கிடைக்க வேண்டும். ஆகவே, உச்ச உற்பத்திக்காகவே போட்ட மின்பாதை ஆண்டில் பெரும்பாலான நேரம் வெறுமையாகவோ அரைகுறையாகவோ கிடக்கும். தமிழ்நாட்டுக்கு இதில் ஓர் இயற்கைச் சலுகை உண்டு. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, பாலக்காடு கணவாய்களில் வீசும் காற்று, வெயில் சாய்ந்த பிறகும் மின்சாரம் தருவதால், காற்றாலையும் சூரிய நிலையமும் ஒரே மின்பாதையைப் பகிர்ந்துகொள்ள இடமிருக்கிறது.

மூன்றாவது, நிலைத்தன்மை. அதைப் பற்றித்தான் யாழ்ப்பாண வாசகர் கேட்டிருக்கிறார். சற்றுப் பிறகு வருகிறேன்.

பெரிய மேகம் ஒன்று வந்து மறைத்தால் நாடே இருளில் மூழ்கிவிடாதா?
– வாசகர், திண்டுக்கல்

ஒரு நிலையத்தின் மீது மேகம் வந்தால் அதன் உற்பத்தி சில நிமிடங்களில் பாதிக்கும் கீழே போகக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் கமுதியின் மீது நிற்கும் மேகம் அதே நேரத்தில் கர்நாடகத்தின் பாவகடா மீதும் ராஜஸ்தானின் பத்லா மீதும் நிற்காது. நிலையங்கள் பரந்த நிலப்பரப்பில் சிதறியிருக்கும்போது ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று பெருமளவு ஈடுசெய்துவிடுகின்றன. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்மண்டலம் மற்ற மண்டலங்களுடன் ஒரே அதிர்வெண்ணில் இணைந்தது முதல், இந்தியா முழுவதும் ஒரே மின்தொகுப்பாக இயங்குகிறது. மேகத்துக்கு எதிரான மிகப் பெரிய காப்பு இந்த அகலம்தான்.

அகலத்துக்கு ஒரு விலையும் உண்டு. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட, கிழக்கு மாநிலங்கள் இருண்டபோது, தென்மண்டலம், அதிர்வெண் குலைவைக் கடத்தாத நேர்மின்னோட்டப் பாதைகள் வழியாக மட்டுமே இணைக்கப்பட்டிருந்ததால் தப்பியது. இன்று அந்தப் பிரிவினை இல்லை. தொலைவில் நிகழும் பழுதின் அதிர்வும் நம்மை வந்து தொடும்.

அன்றாட நடைமுறையில், நாள் முழுவதையும் 15 நிமிடக் கூறுகளாக, அதாவது 96 கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்த நிலையம் எவ்வளவு தரும் என்று முன்கூட்டியே அட்டவணையிடுகிறார்கள். சூரிய நிலையங்களும் வானிலையைப் பார்த்துத் தங்கள் மதிப்பீட்டைத் தர வேண்டும். பெரிதாகப் பிசகினால் அபராதம் உண்டு. சென்னையில் உள்ள மாநில மின்சுமை பகிர்வு மையமும், பெங்களூருவில் உள்ள தென்மண்டல மையமும், டெல்லியில் உள்ள தேசிய மையமும், உற்பத்தியும் தேவையும் சமமாக உள்ளனவா என்பதைக் காட்டும் அதிர்வெண்ணை 49.90 முதல் 50.05 ஹெர்ட்சுக்குள் வைத்திருக்க முயல்கின்றன.

எவ்வளவு பெரிய மாற்றத்தைச் சமாளிக்க முடியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு, 9 நிமிடங்கள் விளக்கை அணைக்குமாறு பிரதமர் கேட்டுக்கொண்டபோது, நாட்டின் மின்தேவை சில நிமிடங்களில் சுமார் 31,000 மெகாவாட் சரிந்து மீண்டும் எழுந்தது. நீர்மின் நிலையங்களை வேகமாக இறக்கி ஏற்றி அதைச் சமாளித்தார்கள். முன்கூட்டியே தெரிந்த மாற்றம் என்பதால் முடிந்தது. மேகத்தைவிட, எதிர்பாராத மேகமே ஆபத்து. ஆகவே முன்கணிப்புக்குச் செலவிடும் பணம் வீண்போகாது.

2025 பெப்ரவரியில் ஒரு குரங்கினால் இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது என்றார்கள். பிறகு வீட்டுக்கூரைச் சூரிய மின்கலங்கள்தான் காரணம் என்றார்கள். எதை நம்புவது?
– வாசகர், யாழ்ப்பாணம்

இரண்டிலும் உண்மை இருக்கிறது. பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்சாதனத்தில் மோதியதே தொடக்கம் என்று அமைச்சர் கூறினார். துணை மின்நிலையங்களில் குரங்கும் அணிலும் பாம்பும் புகுந்து பழுது ஏற்படுவது எல்லா நாடுகளிலும் உள்ளதுதான். அதனால் ஒரு பகுதி இருளும், நாடே இருளாது. அன்று நாடே இருண்டதற்கு இலங்கை மின்சார சபை தந்த விளக்கத்தை நான் ஏற்கிறேன். ஞாயிறு என்பதால் தேவை குறைவு. வெயில் நன்றாக இருந்ததால் உற்பத்தியில் பாதிக்கும் மேல் சூரிய மின்சாரம். சுழலும் பெரிய இயந்திரங்கள் மிகக் குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தன.

சுழலும் இயந்திரத்துக்கு இதில் என்ன பங்கு என்பதைச் சொல்ல வேண்டும். அனல், நீர்மின் நிலையங்களில் பல நூறு டன் எடையுள்ள சுழலிகள் ஓடுகின்றன. குயவர் கோலை எடுத்த பிறகும் சக்கரம் சற்று நேரம் தானே சுழல்வதுபோல, மின்தொகுப்பில் திடீரென ஓர் இழப்பு நேர்ந்தால், இந்தச் சுழலிகளில் சேர்ந்திருக்கும் இயக்க ஆற்றல் சில நொடிகளுக்கு அதிர்வெண்ணை விழவிடாமல் தாங்குகிறது. இதை நிலைமம் என்கிறோம். அந்தச் சில நொடிகளுக்குள் மற்ற நிலையங்கள் தங்கள் உற்பத்தியைக் கூட்டிவிட முடியும். சூரியத் தகட்டில் சுழல்வது எதுவும் இல்லை. சாதாரண இன்வெர்ட்டர் மின்தொகுப்பின் அலையைப் பின்தொடர மட்டுமே அறியும். அலை குலைந்தால் தன்னைத் துண்டித்துக்கொள்ளும். ஒரு பழுதுக்கு ஆயிரக்கணக்கான கூரைகள் ஒரே நேரத்தில் துண்டித்துக்கொண்டால், பழுதைவிட அந்தத் துண்டிப்பே பெரிய இழப்பாகிவிடும்.

ஜெர்மனி இதை முன்பே உணர்ந்தது. அங்கே அதிர்வெண் 50.2 ஹெர்ட்சைத் தொட்டதும் இன்வெர்ட்டர் நின்றுவிட வேண்டும் என்று விதி இருந்தது. நிலையங்கள் சில நூறாக இருந்தவரை அது நல்ல விதி. இலட்சக்கணக்கில் பெருகியபோது, அதே விதி நாட்டையே ஒரே நொடியில் கவிழ்க்கக்கூடியதாக மாறியது. 2012-இல் புதிய ஆணை பிறப்பித்து, 3 லட்சத்துக்கும் அதிகமான நிலையங்களில் உற்பத்தி படிப்படியாகக் குறையும்படி அமைப்பை மாற்றச் சொன்னார்கள்.

இலங்கையின் நிலை இன்னும் இறுக்கமானது. அதற்கு அண்டை நாட்டுடன் இணைப்பு இல்லை. தன் தொகுப்பைத் தானே தாங்க வேண்டும். பெப்ரவரி இருளில் நுரைச்சோலை அனல் நிலையமும் நின்றுபோய், அடுத்த நாட்களில் சுழற்சி முறையில் மின்வெட்டு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையின்போது, கூரை நிலையங்களைப் பிற்பகல் 3 மணி வரை நிறுத்திவைக்குமாறு உரிமையாளர்களை மின்சார சபை கேட்டுக்கொண்டதும் இதே அச்சத்தால்தான். கடன் வாங்கித் தகடு போட்டவருக்கு அந்த வேண்டுகோள் எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்க முடிகிறது. அவர்மீது பழி போடுவது நியாயமில்லை. இணைப்பு அனுமதி கொடுத்த வேகத்தில், தொகுப்பைத் தாங்கும் ஏற்பாடுகளும் வளர்ந்திருக்க வேண்டும்.

ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. 2016-இல் முழு இருளைச் சந்தித்த தெற்கு ஆஸ்திரேலியா, 2017 இறுதியில் ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பேட்டரி நிலையத்தை அமைத்தது. ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் அது மின்சாரத்தைச் செலுத்தும். பின்னர் எரிபொருள் இல்லாமல் வெறுமனே சுழன்று நிலைமம் தரும் 4 பெரிய இயந்திரங்களையும் நிறுவினார்கள். பின்தொடராமல் தானே அலையை உருவாக்கும் இன்வெர்ட்டர்களும் இப்போது வந்துவிட்டன. இந்தியாவுடன் கடலடி இணைப்பு பற்றி 2025 ஏப்ரலில் இரு நாடுகளும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துள்ளன. பேட்டரியை அதற்காகக் காத்திருக்கச் சொல்லக்கூடாது என்பது என் கருத்து.

அப்படியானால் 2025 ஏப்ரலில் ஸ்பெயின் இருண்டதற்கும் இதுதானே காரணம்?
– வாசகர், கோயம்புத்தூர்

பலர் அப்படித்தான் எழுதினார்கள். விசாரணை வேறு விதமாகச் சொல்கிறது. ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டதற்கு மின்னழுத்தம் கட்டுமீறி உயர்ந்ததே காரணம். அதை அடக்க வேண்டிய, அனல், அணு போன்ற மரபு மின்நிலையங்கள் சில, எதிர்பார்த்த அளவுக்கு அடக்கவில்லை. சூரிய நிலையங்களுக்கோ மின்னழுத்தத்தைச் சரிசெய்யும் பொறுப்பே விதியில் அப்போது தரப்படவில்லை. அவற்றின் இன்வெர்ட்டர்களால் அதைச் செய்ய முடியும் என்றாலும் கேட்கப்படவில்லை. குறை தகட்டில் இல்லை, விதிப்புத்தகத்தில் இருந்தது.

பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது, மாலையில் வெளிச்சந்தையில் அதிக விலைக்கு வாங்குகிறோம். மிஞ்சியதை ஏன் எடுத்துவைக்க முடியவில்லை?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

எடுத்துவைக்கும் வேலையைத் தமிழ்நாடு 1980-களிலேயே தொடங்கிவிட்டது. ஆனைமலைப் பகுதியில் உள்ள காடம்பாறை நீரேற்று மின்நிலையம் 400 மெகாவாட் திறன் கொண்டது. மின்சாரம் மிஞ்சும்போது கீழே உள்ள மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீரை மேலே ஏற்றிவைத்து, தேவை உச்சத்தைத் தொடும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். அது கட்டப்பட்ட காலத்தில் மிஞ்சியது நள்ளிரவின் அனல் மின்சாரம். இன்று மிஞ்சுவது நண்பகல் மின்சாரம். ஆகவே தண்ணீர் ஏற்றும் நேரம் இரவிலிருந்து பகலுக்கு மாற வேண்டியிருக்கிறது. இயந்திரம் அதே இயந்திரம்தான். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று நிலையமும் கட்டப்பட்டுவருகிறது.

ஆனால் அளவைப் பாருங்கள். 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். இந்த இரண்டும் சேர்ந்தாலும் அதில் இருபதில் ஒரு பங்கைக்கூட எட்டாது. நீரேற்று நிலையம் கட்டப் பல ஆண்டுகள் ஆகும். மலையும் காடும் தேவை. எதிர்ப்பும் வரும், சில இடங்களில் அது நியாயமான எதிர்ப்பாகவும் இருக்கும். பேட்டரியைத் துணை மின்நிலைய வளாகத்திலேயே வைக்கலாம், விரைவில் நிறுவலாம். அதன் விலையும் அண்மை ஆண்டுகளில் வெகுவாகச் சரிந்துள்ளது. மாலை 6 முதல் இரவு 10 வரையிலான இடைவெளிக்கு அதுவே பொருத்தமானது என்று நினைக்கிறேன்.

இவற்றைவிட மலிவான வழி ஒன்று உண்டு: தேவையையே பகலுக்கு நகர்த்துவது. விவசாய மோட்டார்களுக்கான மும்முனை மின்சாரத்தைப் பகலில் கொடுத்தால், மிஞ்சும் மின்சாரம் கிணற்றுத் தண்ணீராக வயலுக்குப் போகும். விவசாயிக்கும் நள்ளிரவில் டார்ச் விளக்குடன் பாம்புக்குப் பயந்து மோட்டார் போடப் போகும் அவதி இருக்காது. நேரத்துக்கேற்ற கட்டணத்துக்கும் மத்திய அரசின் 2023-ஆம் ஆண்டு விதிகள் வழிவகுத்துள்ளன: வெயில் நேரத்தில் வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவு, உச்ச நேரத்தில் அதிகம். ஸ்மார்ட் மீட்டர் இல்லாமல் இது வீடுகளுக்கு வராது. மீட்டர் மாற்றுவதைக் கட்டண உயர்வுக்கான சூழ்ச்சி என்றே மக்கள் பார்க்கிறார்கள். பகலில் கட்டணம் குறையும் என்பதை ஒருமுறையாவது பில்லில் கண்ணால் பார்த்தால்தான் அந்த எண்ணம் மாறும்.

ராஜஸ்தானில் சூரிய மின்சாரத்தை வீணாக்குகிறார்கள் என்று செய்தி படித்தேன். அதை இங்கே கொண்டுவர முடியாதா?
– வாசகர், சென்னை

கொண்டுவரும் பாதை நிரம்பியிருப்பதால்தான் அங்கே உற்பத்தியைக் குறைக்கச் சொல்கிறார்கள். சூரிய நிலையத்தை ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் எழுப்பிவிடலாம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயர் அழுத்தப் பாதைக்கு நில உரிமை, வன அனுமதி, கோபுரம், மின்மாற்றி என்று அதைவிட இரு மடங்கு காலமாவது ஆகும். ராஜஸ்தானில் கூடுதலாகக் கானமயில் வழக்கு. அழிவின் விளிம்பில் உள்ள அப்பறவை கம்பிகளில் மோதிச் சாவதால், 2021-இல் உச்ச நீதிமன்றம் அதன் வாழிடத்தில் பாதைகளை நிலத்தடியில் கொண்டுசெல்லச் சொன்னது. 2024-இல் அந்த ஆணையைத் தளர்த்தி வல்லுநர் குழுவிடம் ஒப்படைத்தது.

நம் பக்கத்தில் ஒரு பெரிய பாதை இருக்கிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை வரும் 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் பாதை 6,000 மெகாவாட் சுமக்கும். அதில் மின்சாரத்தை இரு திசையிலும் அனுப்பலாம். காற்று பலமாக வீசும் மாதங்களில் நம்மிடம் மிஞ்சுவது அதே கம்பியில் வடக்கே போக முடியும்.

கூரையில் 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறேன். நல்ல வெயிலில் கரண்ட் போனால் என் வீட்டிலும் விளக்கு அணைந்துவிடுகிறது. சில நாள் கரண்ட் இருக்கும்போதே மதியம் இன்வெர்ட்டர் தானாக நிற்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– குடும்பத் தலைவி, திருச்சி

முதலாவது பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. தெருவில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறும் லைன்மேனின் கைக்கு, உங்கள் கூரையிலிருந்து மின்சாரம் வந்துவிடக்கூடாது. பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வைத்தால், வீட்டைத் தெருவிலிருந்து பிரித்துத் தனியாக ஓட்டலாம், செலவு கூடும்.

இரண்டாவதைக் கவனிக்க வேண்டும். நிற்கும் நேரத்தில் இன்வெர்ட்டர் திரையில் வோல்ட் எவ்வளவு என்று பாருங்கள். 230-க்குப் பதிலாக 250-ஐத் தாண்டிக் காட்டினால், உங்கள் தெருவில் கூரை நிலையங்கள் பெருகி, மதிய மின்சாரத்தைப் பயன்படுத்த ஆளில்லாமல், டிரான்ஸ்பார்மரிலிருந்து தொலைவில் உள்ள வீடுகளில் அழுத்தம் ஏறுகிறது என்று பொருள். திரையைப் படம் எடுத்து, நேரத்தைக் குறித்து, மின்வாரிய உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் எழுத்துமூலம் கொடுங்கள். டிரான்ஸ்பார்மரின் டேப் நிலையை (வெளிவரும் வோல்ட் அளவைத் தீர்மானிக்கும் அமைப்பு) குறைப்பது, முனைகளின் சுமையைச் சமன்செய்வது, தடித்த கம்பி போடுவது ஆகியவை அவர்கள் கையில் உள்ளன. அதுவரை துணி துவைப்பது, தண்ணீர்த் தொட்டி நிரப்புவது போன்ற வேலைகளை மதியத்துக்கு மாற்றிக்கொண்டால் பலன் தெரியும்.

எங்கள் 8 ஏக்கர் மானாவாரி நிலத்தில் 2 மெகாவாட் சோலார் நிலையம் வைத்து அரசுக்கு மின்சாரம் விற்கலாம் என்று ஒரு தரகர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– விவசாயி, அருப்புக்கோட்டை

மெகாவாட்டுக்கு 4 ஏக்கர் என்பது சரியான கணக்கு. விவசாயிகளுக்கான சூரிய மின் திட்டமான பிரதமரின் குசும் திட்டத்திலும் அரை மெகாவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான நிலையங்களுக்கு இடமுண்டு. ஆனால் நிலத்தின் மதிப்பு வெயிலில் இல்லை, பக்கத்துத் துணை மின்நிலையத்தில் இருக்கிறது. அது எத்தனை கிலோமீட்டரில் உள்ளது, அதன் மின்மாற்றியில் இன்னும் எத்தனை மெகாவாட் ஏற்க இடமிருக்கிறது, உங்களுக்கு முன்பே விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர், இடையில் கம்பி இழுக்கும் செலவு யாருடையது, கம்பி போகும் பட்டா நிலத்தின் உரிமையாளர்கள் சம்மதித்துவிட்டார்களா என்று தரகரிடம் கேளுங்கள். அந்தத் துணை மின்நிலையத்தின் பெயரைக் குறிப்பிட்டு, இத்தனை மெகாவாட் இணைக்கலாம் என்று மின்வாரியம் கொடுத்த சாத்தியக்கூறு கடிதத்தையும், யூனிட் விலையைக் குறிப்பிடும் கொள்முதல் ஒப்பந்த வரைவையும் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் கைக்கு வரும்வரை முன்பணமும் வேண்டாம், பத்திரத்தில் கையெழுத்தும் வேண்டாம்.